செல்ஃபுக்கும் இக்னிஷனுக்கும் திங்கட்கிழமைக்குள் சொல் வேண்டும்

நாகர்கோவில், வெள்ளி இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை காலை என் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு ஒரு வயரிங் தாள் கொடுத்தாக வேண்டும். பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றும்போது எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டரான செல்ஃபுக்கும் இக்னிஷனுக்கும் வயர் இழுக்கும் பாடம். ஆர்.டி.ஓ. அனுமதி பற்றிய பக்கம் முடிந்தது, படமும் வரைந்தாயிற்று. பாகங்களின் தமிழ்ப் பெயர்கள்தான் பாக்கி.

ஸ்டார்ட்டருக்குத் 'தொடக்கி' என்று போட்டேன். "சார், அது டியூப்லைட்டுல உள்ளதுல்லா?" என்றான் ஒரு பையன். இக்னிஷன் சாவிக்குக் கிடைத்தது 'எரியூட்டுச் சாவி'. சுடுகாட்டுக்கா சார் என்று வகுப்பே சிரித்தது. செல்ஃபின் மின்காந்த சுவிட்சான சோலனாய்டுக்குள் இருக்கும் இரண்டு சுருளுக்கும் இழுசுருள், பிடிசுருள் என்று வைத்திருக்கிறேன். ஒன்று உலக்கையை, அதாவது பிளஞ்சரை, உள்ளே இழுக்கிறது. பெரிய தொடுமுனை மூடியதும் அதன் இரு முனையிலும் ஒரே மின்னழுத்தம் வந்து அது ஓய்ந்துவிடும். பிடித்து வைப்பது மற்றது. பிடிசுருள் அறுந்தால் 'டக் டக் டக்' என்று அடிக்கும். இதில் யாருக்கும் வழக்கு இல்லையென்றால் விட்டுவிடலாம்.

தக்கலை, சனி காலை

ஐயா, தீக்கடையும் கோலுக்கு ஞெலிகோல் என்ற சொல் இருக்க எரியூட்டுக்குப் போவானேன்? புறநானூறு 315இல் ஔவையார் அதியமானை 'இல்லிறைச் செரீஇய ஞெலிகோல் போல' என்கிறார். கூரையில் செருகிக் கிடக்கும்போது இருப்பதே தெரியாது. கடைந்தால் எரி கக்கும். ஸ்டார்ட்டர் செய்வதும் கடைவதுதானே? எஞ்சினைச் சுற்றிவிடுகிறது, உள்ளே தீ பிறக்கிறது. அதிலும் டீசலில் பொறி என்பதே கிடையாது, அமுக்கிய காற்றின் சூட்டில் தானே பற்றுகிறது. 'தீப்பொறி' வைத்துக் கட்டிய சொல் எல்லாம் பெட்ரோலோடு நின்றுவிடும். ஸ்டார்ட்டர் ஞெலிப்பி, இக்னிஷன் ஞெலிவு.

ஞகரம் வாயில் நுழையாது என்று யாரும் கிளம்ப வேண்டாம். நண்டை இன்னும் ஞண்டு என்று சொல்கிற மாவட்டம் இது. ஞெகிழ் நெகிழ் ஆனதும் ஞெண்டு நண்டு ஆனதும் ஒரே வழி. ஞெகிழி என்றால் கொள்ளிக்கட்டை. அதற்கும் ஞெலிக்கும் உள்ள உறவைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

குளச்சல், சனி மதியம்

அண்ணாச்சி, தனி மடல் வேண்டாம். நடுக்கடலில் போட் நிற்கும்போது வயர்லெஸ்ஸில் "ஞெலிப்பி எடுக்கல்ல" என்று சொன்னால் பக்கத்துப் போட்டுக்காரன் யாருக்கோ வயிற்றுக் கோளாறு என்று நினைப்பான். எங்களுக்கு அது செல்ஃப். செல்ஃப் அடிக்கல்ல, செல்ஃப் கார்பன் தேஞ்சு போச்சு, செல்ஃபைக் கழற்று. வேற்றுமை உருபு ஏறிய பிறகு அது தமிழ்ச்சொல்தான். தொல்காப்பியரே வடசொல்லுக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறாரே!

கருங்கல், சனி மாலை

> தொல்காப்பியரே வடசொல்லுக்கு வாசல் திறந்து

அந்த வாசலில் ஒரு காவல்காரனும் நிற்கிறான், தம்பி: 'வடவெழுத்து ஒரீஇ'. எழுத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஆய்தம் குற்றெழுத்தை அடுத்து, வல்லின உயிர்மெய்க்கு முன்னால் வரும். செல்ஃபில் முன்னால் நிற்பது ல், பின்னால் நிற்பது வெறும் ப். இரண்டு பக்கமும் விதி உடைகிறது. 'செல்பு' என்று எழுதினால் பரிசீலிக்கலாம்.

அது முழுச்சொல்லும் இல்லை. முன்பு கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் காரைக் கிளப்புவார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்மோட்டார் 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. தானே கிளம்புகிறது என்பதால் 'செல்ஃப் ஸ்டார்ட்டர்'. நாம் வேலை செய்கிற பாதியை எறிந்துவிட்டு 'தான்' என்கிற பாதியை வைத்துக்கொண்டோம்.

வண்டியை என்ன செய்கிறோம்? கிளப்புகிறோம். எனவே கிளப்பி.

தக்கலை, சனி மாலை

"வண்டியைக் கிளப்பிச் சென்றான்" என்ற வரியில் கிளப்பி பெயரா, வினையெச்சமா? வதந்தியையும் கிளப்பித்தான் விடுகிறார்கள். பழைய உரைகளில் கிளப்பு என்றால் சொல்லுதல். கிளவி வந்த வழி அது.

நாகர்கோவில், சனி இரவு

பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் பெரிய சிக்கல் ஸ்டார்ட்டர் இல்லை, சாவியிலிருந்து வருகிற அந்த வயர். எங்கள் ஜீப்பில் காலால் மிதிக்கிற செல்ஃப் சுவிட்ச். சோலனாய்டு கிடையாது, மொத்தக் கரண்டும் அந்த மிதியிலேயே போகும். டீசல் செல்ஃபில் சோலனாய்டு உண்டு. ஆகவே சாவியிலிருந்து புதிதாக ஒரு வயர் இழுத்து, நடுவில் சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுசுருள் கேட்கிற கரண்டில் சாவியின் தொடுமுனை கருகும்.

ஜெர்மன் தர எண்ணில் பேட்டரி நேர்முனை 30, சாவி போட்டால் உயிர்பெறுவது 15, செல்ஃபுக்குப் போவது 50. பெட்ரோலில் 15 பொறிக்கான காயிலுக்குப் போனது. இப்போது அது டீசல் பம்பில் உள்ள, கரண்ட் இல்லாவிட்டால் டீசலை நிறுத்தும் சோலனாய்டுக்குப் போகிறது. எதையும் பற்றவைக்காத வயருக்கு 'இக்னிஷன் லைன்' என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்? ரேடியோவுக்குப் போகிற லைனும் சாவி போட்டால்தான் வரும். ஆனால் பல சாவிகளில் செல்ஃப் அடிக்கும்போது அது செத்துவிடும். பையன்கள் அதில் பம்பின் சோலனாய்டைக் கொடுத்தால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், டீசல் ஒரு சொட்டு இறங்காது. ஓடும்போதும் அடிக்கும்போதும் உயிரோடிருக்கிற வயர் என்று பெயரே சொல்ல வேண்டும்.

மார்த்தாண்டம், சனி இரவு

சாரே, சாவிமின் என்று போடுங்க. எரிவதும் இல்லை, பொறியும் இல்லை. ரேடியோ லைனுக்குத் துணைமின். எது எப்போது சாகும் என்பதைப் படத்தில் சொல்லுங்க, பெயர் எல்லாவற்றையும் சுமக்காது.

அப்புறம், தாளில் எர்த்துக்குப் 'புவியிணைப்பு' என்று இருக்கிறது. ரப்பர் டயரில் நிற்கிற ஜீப்பில் புவி எங்கே வந்தது? உடலிணைப்பு என்று மாற்றுங்க. ஒரு பட்டறையில் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் அந்த எர்த் பட்டையைப் போட மறந்து செல்ஃபை அடித்தார்கள். கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய், கேபிள் சிவந்து உறை உருகி ஒழுகியது. பெயர் தெரிந்திருந்தால் மறந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லமாட்டேன். பட்டையைத் தடித்த கோட்டில் வரையுங்க.

கருங்கல், ஞாயிறு காலை

சாவி போர்த்துக்கீசியம். 'சாவே'. பறங்கிக் கப்பலில் வந்தது. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் கிழவிகள் இன்றும் தாக்கோல் என்பார்கள். தாழைத் திறக்கும் கோல். வீட்டுச் சொல்லை விட்டுவிட்டு இறக்குமதியா? தாக்கோல்மின்.

தோவாளை, ஞாயிறு காலை

எங்க பக்கத்துப் பையன் தாக்கோல்மின் என்றால் ஏதோ மீன் என்றுதான் நினைப்பான். சாவிமின். என் வாக்கு அவ்வளவுதான்.

குளச்சல், ஞாயிறு காலை

சாவிமின்னுக்கு நானும். கிளப்பி எழுதுங்க, பக்கத்தில் செல்ஃப் என்றும் போடுங்க. ஆய்தம் எங்கே வரும் என்று எஞ்சினுக்குத் தெரியாது.

நாகர்கோவில், ஞாயிறு மாலை

தாள் ஜெராக்ஸுக்குப் போய்விட்டது. முதல் இடத்தில் 'கிளப்பி, அதாவது செல்ஃப்'. பிறகு கிளப்பி மட்டும். சாவிமின் 15, துணைமின், உடலிணைப்பு. ரிலே ரிலேயாகவே இருக்கிறது, அதற்கு எனக்குத் தெம்பில்லை. கருங்கல் ஐயாவுக்காக அடிக்குறிப்பில் தாக்கோல் உண்டு. அனைவருக்கும் நன்றி.

தக்கலை, ஞாயிறு இரவு

என் மறுப்பைப் பதிவு செய்யவும். அதோடு, ஹீட்டர் பிளக்குக்கு இதுவரை யாரும் பெயர் சொல்லவில்லை. சிலிண்டருக்குள் முனை சிவந்து கனன்று நிற்கிற பொருள் அது. ஞெகிழி சும்மாதான் கிடக்கிறது.