‘அயற்படையாட்சி’: ‘ஆக்கிரமிப்பு’க்கு மாற்றுச் சொல்

> ‘ஆக்கிரமிப்புவழி மக்களாட்சிக் கட்டுமானம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா. அயல்நாட்டுப் படை ஒரு நாட்டைப் பிடித்து ஆண்டு, அங்கே மக்களாட்சியை நிறுவ முயல்வதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்கிறீர்கள். நீங்கள் சொல்லும் பெயரின் இரண்டு பாதியிலும் சிக்கல் இருக்கிறது. ஏரிப் புறம்போக்கில் வீடு கட்டினாலும் ஆக்கிரமிப்பு, எல்லை தாண்டிப் படை நுழைந்தாலும் ஆக்கிரமிப்பு. நமக்கு வேண்டியது, நுழைந்த படை அங்கேயே தங்கி ஆள்வதற்கான சொல். ‘இராணுவ ஆட்சி’ என்றால் சொந்த நாட்டுப் படை ஆள்வது என்றே யாரும் புரிந்துகொள்வார்கள். அதனால் ‘அயற்படையாட்சி’ என்கிறேன்.

போர் நடத்தை பற்றிய பன்னாட்டு விதிகளான 1907 ஹேக் விதிகளின் 43ஆம் பிரிவு பேசுவது இந்த நிலையைத்தான். அறவே முடியாமல் போனாலொழிய, அந்நாட்டில் நடப்பிலுள்ள சட்டங்களை அயற்படை மதிக்க வேண்டும். சட்டம் அதற்குக் கொடுத்திருப்பது நாட்டை இருந்தபடியே பாதுகாத்து வைக்கும் வேலை மட்டுமே. அதை மீறி அரசமைப்பையே மாற்றப் புகுவதை ‘உருமாற்று அயற்படையாட்சி’ எனலாம்.

‘கட்டுமானம்’ வேண்டவே வேண்டாம். கட்டடம் எழும்பிவிட்டது என்று சொல்லே சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. ஹைட்டியில் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை இருந்தது. புதிய அரசியலமைப்பை ஏற்க மறுத்த நாடாளுமன்றம் 1917இல் கலைக்கப்பட்டது. மறு ஆண்டே ஒரு வாக்கெடுப்பை நடத்தி, அயல்நாட்டார் நிலம் வாங்க வழிவிடும் அரசியலமைப்பை நிறைவேற்றிக்கொண்டார்கள். நிகராகுவாவில் அமெரிக்கர்கள் உருவாக்கிய தேசியக் காவற்படையின் தலைவர் சொமோசா, அவர்கள் 1933இல் வெளியேறிய மூன்றே ஆண்டில் அதிபரைக் கவிழ்த்தார்.

> ஜப்பான், ஜெர்மனி வெற்றிகளை என்ன செய்வது?

ஜப்பானில் 1890 முதலே நாடாளுமன்றம் இருந்தது. ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை தரும் சட்டம் 1925இல் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே ஆண்ட அமெரிக்கத் தளபதி மெக்கார்தர், பேரரசரையும் அலுவலர் அமைப்பையும் விட்டுவைத்து, அவர்கள் வழியாகவே ஆண்டார். ஈராக்கில் செய்தது இதற்கு நேர்மாறு.

அங்கே அமெரிக்கத் தலைமையிலான அயற்படை நிர்வாகம் 2003 மே 16இல் இட்ட முதல் ஆணை, அதுவரை ஆண்ட சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல் நான்கு படிநிலையினரை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. நான்காவது படியான ‘ஃபிர்கா’வில் பள்ளி ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அமைச்சகம், பல்கலைக்கழகம், மருத்துவமனை ஆகியவற்றின் மேல் மூன்று நிர்வாக அடுக்குகளில் இருந்தவர்களுக்குப் படிநிலைகூடத் தேவையில்லை, கட்சியின் முழு உறுப்பினர் என்பதே வேலை போகப் போதும். ஒரே வாரத்தில், மே 23 அன்று, இரண்டாம் ஆணை இராணுவத்தைக் கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து வீடு திரும்பினார்கள்.

தேர்தலிலும் இதே அவசரம். 2005 சனவரி 30 தேர்தலில் 275 இடங்களுக்கும் சேர்த்து நாடே ஒரு தொகுதி, வாக்கு விகிதப்படி இடங்கள். தொகுதி பிரிக்க நேரமில்லாதபோது இது எளிது, ஆனால் ஒரு வட்டாரம் புறக்கணித்தால் அதன் இடங்கள் மற்றவர்களுக்குப் போய்விடும். அப்படிப் புறக்கணித்த அன்பார் மாகாணத்தில் வாக்களித்தவர்கள் 2 விழுக்காடு அளவே. அந்த அவைதான் அரசியலமைப்பை எழுதியது. டிசம்பர் தேர்தலில் மாகாணவாரி முறைக்கு மாறினார்கள். ஆனால் அதற்குமுன் அக்டோபரிலேயே அரசியலமைப்பு வாக்கெடுப்பு முடிந்துவிட்டிருந்தது.

> அப்படியானால் ‘நாட்சி நீக்கம்’ போலவே ‘பாத் நீக்கம்’ என்று போடலாமே?

வேண்டாம் என்பேன். போருக்குப் பின் ஜெர்மனியில் நாட்சிக் கட்சியினரைப் பதவிகளிலிருந்து விலக்க, 131 கேள்விகள் கொண்ட படிவம் கொடுத்து, ஆளாளாக விசாரித்து, முதன்மைக் குற்றவாளி முதல் குற்றமற்றவர் வரை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அதிலும் ஓட்டைகள் உண்டு, ஆனாலும் அது நீக்கம். ஈராக்கில் கட்சி உறுப்பினரா, எந்தப் படிநிலை என்பதை மட்டும் பார்த்து மொத்தமாக வெட்டினார்கள். அரபியில் இதற்கு வழங்கும் ‘இஜ்திதாத்’ என்ற சொல்லுக்கே வேரோடு பிடுங்குதல் என்றுதான் பொருள். ‘பாத் வேரறுப்பு’ என்பதே சரி.

> வேரறுப்பு ஏற்புடையதே. ‘உருமாற்று’ மட்டும் உயிரியல் வாடை அடிக்கிறது. ‘அமைப்புமாற்று அயற்படையாட்சி’?

நீளம்தான், ஆனால் எதை மாற்றுகிறார்கள் என்பது சொல்லிலேயே தெரிகிறது. இதையே பதிவிடுங்கள், ‘கட்டுமானம்’ இருந்த தலைப்பை எடுத்துவிடுங்கள்.