உதமாரோவின் பெண்ணைத் தூரிகையால் வரைந்தால் அது உதமாரோவா?

செண்பகம்:
வரவேற்பறைச் சுவருக்கு ஒரு படம் சொல்லி வைத்திருக்கிறேன். ஜப்பானிய ஓவியர் கிதகாவா உதமாரோவின் 'பொப்பின் ஊதும் பெண்'. இன்று தோக்கியோ என்கிற எடோ நகரத்தில் 1790களின் தொடக்கத்தில் வெளியான மரக்கட்டை அச்சு, அதாவது படத்தைக் கட்டையில் செதுக்கி, வண்ணம் தடவித் தாளில் ஒற்றியெடுத்தது. கண்ணாடியில் செய்த ஊதல் பொம்மையை உதட்டில் வைத்திருக்கும் இளம்பெண். சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கிமோனோ, அதன்மேல் செர்ரிப் பூக்கள். எனக்குத் தெரிந்த ஓவியர் அக்ரிலிக்கில், மூன்றடி கான்வாஸில், முழுக்கக் கையாலேயே வரைந்து தருகிறார். இயந்திரம் துப்பும் போஸ்டரைவிட இதில் உயிர் இருக்கும் என்பது என் கட்சி. போன வாரம் இங்கே ஒருவர் "தூரிகையால் வரைந்தால் அது உதமாரோ இல்லை" என்று எழுதியிருந்தார். ஏன் என்று விளக்கட்டும்.

உளிச்சத்தம்:
எழுதியது நான்தான் அக்கா. எட்டு வருடமாக அச்சுக்காக மரமும் லினோ என்கிற மெத்தென்ற தகடும் செதுக்குகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் நெற்றியோரத்தைப் பாருங்கள், முடி தொடங்கும் இடத்தை. அங்கே ஒவ்வொரு முடியும் தனித்தனி. செர்ரி மரக்கட்டையில் அதை எப்படிக் கொண்டுவந்தார்கள்? முடியைச் செதுக்க முடியாது. முடிக்கு இருபுறமும் இருக்கிற மரத்தைச் செதுக்கி எடுத்து, நடுவே இழையாய் ஒரு வரப்பை விட்டுவைக்க வேண்டும். கத்தி ஒருமுறை வழுக்கினால் முகமே போச்சு. அதனால்தான் தலையையும் முகத்தையும் செதுக்க மூத்த கைவினைஞர், உடைகளுக்கு இளையவர்கள் என்று பட்டறையில் வேலையைப் பிரித்திருந்தார்கள். உதமாரோ முடியை ஒவ்வொன்றாக வரைந்து கொடுத்ததும் இல்லை. கூந்தலின் உருவத்தை அவர் காட்டுவார், இழை பிரிப்பது செதுக்குபவரின் கை.

அடுத்து, முகத்தின் வெள்ளை. இந்த வகை அச்சுகளில் அது பெரும்பாலும் வண்ணமே இல்லை, முசுக்கொட்டை நார்த்தாளின் வெறும் உடம்பு. கான்வாஸில் உங்கள் ஓவியர் வெள்ளையை அப்பித்தான் ஆக வேண்டும். அப்பியதும் அது தோலாக இருக்காது, சுண்ணாம்பாகிவிடும். பின்னணியில் அப்பிரகத் தூள் பூசியிருப்பார்கள். தாளைச் சற்றே சாய்த்தால் மின்னும். அதை எந்த அக்ரிலிக் கொடுக்கும்?

செண்பகம்:
தம்பி, முடி பற்றிச் சொன்னது எனக்குப் புதிது, நன்றி. ஆனாலும் ஒன்று. வான்கோ 1887-இல் பாரிஸில் என்ன செய்தார்? கெய்சாய் எய்சென் என்கிற ஜப்பானிய ஓவியர் வரைந்த கணிகையின் அச்சு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையின் அட்டையில் வந்தது. அதன்மேல் தாள் வைத்து நகலெடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கி, எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். சுமார் ஒரு மீட்டர் உயரம். மரக்கட்டைப் பெண்ணைக் கையால் வரைந்த நகல்தானே அதுவும்! ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

உளிச்சத்தம்:
அந்த அட்டையில் எய்செனின் பெண் இடம்வலம் மாறி அச்சாகியிருந்தாள். வான்கோ அப்படியே வரைந்தார். சுற்றிலும் தவளையும் நாரையும் மூங்கிலும் சேர்த்தார். அவர் எய்செனை வைத்துத் தன் படத்தைப் போட்டார். உங்கள் ஓவியரும் தன் படத்தைப் போட்டால் முதல் ஆளாக நான் பாராட்டுவேன். அச்சு அசலாக உதமாரோ என்று சொல்லி விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பழுப்புத்தாள்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். உளிச்சத்தம், 'அசல்' என்று எதைச் சொல்கிறீர்கள்? உதமாரோ மையால் வரைந்த தாளைக் கட்டையின் மேல் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்கினார்கள். அவர் கைபட்ட கோடு அங்கேயே அழிந்தது. மிஞ்சியவை எல்லாம் பிரதிகள்தான். தூரிகை ஜப்பானியருக்கு அந்நியமும் இல்லை. உதமாரோவுக்கு முந்தைய ஓவியர் மொரோனோபுவின் 'திரும்பிப் பார்க்கும் அழகி' பட்டுத்துணியில் கையால் தீட்டியது. உதமாரோவே பட்டில் வரைந்திருக்கிறார்.

செண்பகம் அம்மா, உங்களிடமும் ஒரு கேள்வி. ஓவியர் எந்த நிறத்தைப் பார்த்து வரைகிறார்? குசும்பாப்பூச் சிவப்பும் பூவிலிருந்து எடுத்த நீலமும் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். இன்று நாம் பார்க்கிற பழுப்பேறிய அமைதி பலவற்றில் காலம் செய்த வேலை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 1921-இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் ஆயிரக்கணக்கான அச்சுகளைக் கொடுத்தபோது, ஒருபோதும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அந்தத் தாள்களில்தான், அந்தச் சிவப்பும் நீலமும் சேர்ந்த ஊதா இன்னும் ஊதாவாகவே நிற்கிறது.

செண்பகம்:
ஓவியரிடம் கேட்டேன். இணையத்தில் எடுத்த ஒரு படத்தை வைத்துத்தான் வரைகிறாராம், எந்த அருங்காட்சியகத்துப் பிரதி என்று தெரியவில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

உளிச்சத்தம்:
பழுப்புத்தாள் ஐயா சொன்ன 'அசல் இல்லை' என்பதை ஏற்கிறேன். அதனால்தான் கட்டையையும் தாளையும் பிடித்துக்கொள்கிறேன். கோடு அழிந்தாலும் முறை அழியவில்லை. தோக்கியோவில் அடாச்சி நிறுவனம் 1928 முதல் இதே படங்களுக்குப் புதிதாகக் கட்டை செதுக்கி, நிறத்துக்கொரு கட்டை வைத்துக் கையால் தேய்த்து எடுக்கிறது. அதுவும் மறுபதிப்புதான், ஆனால் முடி முடியாக இருக்கிறது.

இன்னொன்று அக்கா, அந்த அச்சின் அளவு சுமார் 39-க்கு 26 செ.மீ. மடியில் வைத்து, முகத்துக்கு அருகில் கொண்டுவந்து பார்க்கிற பொருள். மூன்றடிக்கு இழுத்தால் அந்தப் பெண் உங்களைப் பார்த்து நிற்பாள், நீங்கள் அவளை அருகில் போய்ப் பார்க்க மாட்டீர்கள்.

செண்பகம்:
அளவு விஷயத்தில் நீ சொல்வது சரி. ஆனால் நகல் வரைவதே தப்பு என்பதை ஒப்ப மாட்டேன். ஒருவர் இரண்டு மாதம் உட்கார்ந்து அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் போடும்போது அவரைவிட அந்தக் கிமோனோவை யார் பார்த்திருக்க முடியும்? ஓவியரிடம் மூன்று மாற்றம் சொல்லிவிட்டேன். கான்வாஸ் வேண்டாம், கெட்டி நார்த்தாள். அளவு அச்சின் அளவே. முகத்தில் வண்ணம் தொடக் கூடாது. கீழே அவர் கையெழுத்தையே போடட்டும்.

உளிச்சத்தம்:
வந்ததும் நெற்றியோரத்தை மட்டும் கிட்டே வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள் அக்கா. முடியைப் பார்த்துவிட்டு மீண்டும் சண்டை போடுகிறேன்.