கம்பனி நிதியில் 40 மலசலகூடம்: முன்மொழிவில் எதைக் கட்டாயம் எழுத வேண்டும்?

ஆழிக்கரை (வாகரை)

வணக்கம். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக 40 வீடுகளுக்கு மலசலகூடம் கட்டித்தரலாம் என்று கொழும்புக் கம்பனி ஒன்று சொல்லியிருக்கிறது. சமூகப் பொறுப்பு நிதி. மூன்று வாரத்துக்குள் முன்மொழிவும் செலவு மதிப்பீடும் கேட்கிறார்கள். முழுக்கக் கடற்கரை மணல் காணி, வளவுக்கு வளவு கிணறு. மார்கழி மழைக்கு மூன்று அடியிலேயே தண்ணீர் தெரியும். அவர்கள் அனுப்பிய மாதிரிப் படத்தில் 8 அடி ஆழ ஒற்றைக் குழி, டைல்ஸ் பதித்த சுவர், ஒவ்வொரு கதவிலும் கம்பனிப் பெயர். இந்தப் படத்தை வைத்தே எழுதலாமா? மதிப்பீட்டில் வழக்கமாக எவை விடுபட்டுப்போகும்? இரண்டு வீடுகளில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் உண்டு.

மணல்மேடு

அந்தப் படத்தை எடுக்கவே வேண்டாம், அக்கா. மூன்று அடியில் தண்ணீர் வரும் மணலில் 8 அடிக் குழி தோண்டினால் ஐந்து அடி மலம் நேராக நிலத்தடி நீருக்குள் கிடக்கும். பக்கத்துக் கிணறும் அதே நீர்தான். ஈரமில்லாத மணல் கிருமியை ஓரளவு பிடித்து வைக்கும். நீர் நிறைந்த மணலில் அது நீரோட்டத்தோடு போய்விடும். குழியின் அடி, நிலத்தடி நீர்மட்டத்துக்குக் குறைந்தது 1.5 மீற்றர் மேலே இருக்க வேண்டும் என்பது ஸ்பியர் கையேட்டின் (மனிதாபிமான உதவி வேலைகளுக்கான சர்வதேசக் கையேடு) அளவு. உங்கள் இடத்தில் மார்கழியில் அதற்கு வழியே இல்லை. ஆவணியில் அளந்து பார்த்துவிட்டு "தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது" என்று வரைந்த படங்களால்தான் இந்தக் கரை முழுக்க மழைக்குப் பொங்கும் குழிகள்.

உங்களுக்குத் தேவை நீர் கசியாத இரண்டு அறைத் தாங்கி, பாதிக்கு மேல் நிலத்துக்கு வெளியே. உள்ளளவு: முதல் அறை 4 அடி நீளம், இரண்டாவது 2 அடி, அகலம் 2.5 அடி, நீர் ஆழம் 3.5 அடி. மொத்தம் ஏறத்தாழ 1,480 லீற்றர். தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டில் ஆளுக்கு வருடம் 40 லீற்றர் அளவில் அடிமண்டி சேரும். ஐந்து பேர் என்றால் 200 லீற்றர். மண்டி தாங்கியில் மூன்றில் ஒன்றைப் பிடித்ததும் இறைக்க வேண்டும், அதாவது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. உள்வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் T வடிவ இணைப்பு வேண்டும், வெளியேறும் வாய் உள்வரும் வாயைவிட 2 அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். T இல்லையென்றால் மிதக்கும் கசடு வெளியே போய், நீர் மண்ணில் ஊறிப்போகும் இடமான ஊறல் படுக்கையை அடைத்துவிடும். காற்றுக் குழாயின் வாயில் நுளம்பு வலை. மூடி இரண்டு, அறைக்கு ஒன்று. ஒரே மூடி போட்டால் இரண்டாவது அறையை யாரும் ஒருநாளும் இறைக்க மாட்டார்கள்.

உட்பூச்சு காய்ந்து இறுகியபின் தாங்கியை நிரப்பி நீர்மட்டத்தைக் கோடிட்டு 24 மணி நேரம் விடுங்கள். இறங்கினால் பூச்சைத் திருத்தும் வரை மண் மூடக் கூடாது. பிளாஸ்ரிக் தாங்கி மலிவு என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்: 1,000 லீற்றர் வெற்றுத் தாங்கியைச் சுற்றி நீர் ஏறி மூடினால் ஒரு தொன் அளவு விசை மேலே தள்ளும். கொங்கிறீட் தளத்தில் பட்டி போட்டுக் கட்டாவிட்டால் குழாயையும் பிடுங்கிக்கொண்டு எழும்பும். மாரியில் இறைக்கவும் கூடாது, அதே காரணம்தான்.

வெளியேறும் நீருக்குச் சல்லியும் மணலும் போட்டு நிலத்துக்கு மேல் எழுப்பிய ஊறல் படுக்கை. கிணற்றிலிருந்து 50 அடி என்று அளக்கும்போது அடுத்த வளவுக் கிணற்றையும் அளக்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். சிறு வளவுகளில் இடம் போதாவிட்டால் மூன்று நான்கு வீடுகளுக்குப் பொதுவான படுக்கை, கிணறுகளுக்குக் கீழ்ப்பக்கமாக, வாவியோ கடலோ இருக்கும் திசையில். யார் பராமரிப்பது என்பதை அந்த வீட்டாரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

தாங்கி உயர்ந்தால் மலசலகூடப் பானும் உயரும். தரை 2 அடி உயரமென்றால் 1:12 சாய்வுக்கு 24 அடி சாய்தளம் தேவை. அந்த இரண்டு வீடுகளுக்கும் வளவு மூலையில் தனியாகக் கட்டாமல் வீட்டுத் திண்ணையோடு ஒட்டி, வீட்டுத் தரை மட்டத்திலேயே கட்டுங்கள். கதவு 3 அடி, வெளிப்பக்கம் திறக்க வேண்டும், இருக்கை வகைக் கொமட், இரு பக்கமும் பிடிகம்பி.

மேல் கட்டடம் சுலபம். உள்ளே 5க்கு 4 அடி, உயரம் 7 அடி, 4 அங்குலச் சீமெந்துக் கல் என்றால் கதவு கழித்து உடைவோடு 140–145 கல் போதும், அத்திவாரம் வேறு. டைல்ஸ் வேண்டாம். அந்தக் காசு தாங்கிக்குப் போகட்டும்.

நிதியேடு (மட்டக்களப்பு)

மேலே சொன்னதோடு முழு உடன்பாடு. பணப் பக்கத்தைச் சொல்கிறேன்.

இலங்கையில் இந்தச் செலவைச் செய்யும்படி கம்பனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. மனம் வைத்தால் தருவார்கள், அடுத்த வருடம் நிறுத்தலாம். ஆகவே "இரண்டாம் கட்டத்தில் பராமரிப்பு" என்று எழுதாதீர்கள். முதல் இறைப்புக்கான செலவை இப்போதே கேட்டு, சங்கக் கணக்கில் தனியாக வையுங்கள். சிலர் இந்தியக் கம்பனிகளுக்கும் எழுதுகிறார்கள். அங்கே 2013 கம்பனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பனிகளை மூன்று வருடச் சராசரி இலாபத்தில் 2 சதவீதம் செலவிடச் சொல்கிறது, ஆனால் இந்தியாவுக்கு வெளியே செய்யும் வேலை அந்தக் கணக்கில் சேராது.

காலம்தான் பெரிய சிக்கல். பல கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். கடைசி நேரத்தில் "பெப்ரவரிக்குள் முடித்துப் படம் அனுப்புங்கள்" என்பார்கள். நமக்கோ ஐப்பசி தொடங்கித் தை வரை மழை, தோண்டக்கூடிய காலம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை. பணத்தை ஒதுக்கி விடுவிப்பது மார்ச்சுக்குள், கட்டுவது மே முதல் செப்டெம்பர் வரை என்று அட்டவணையிலேயே போட்டுக் காரணத்தையும் எழுதுங்கள். காரணம் சொன்னால் பெரும்பாலும் ஏற்பார்கள்.

கொடுப்பனவைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். தாங்கி கசிவுச் சோதனை முடிந்து, மண் மூடமுன் பி.எச்.ஐயோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தொழில்நுட்ப உத்தியோகத்தரோ பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் இரண்டாம் தவணை. மேசனுக்குரியதில் 10 சதவீதத்தை மாசி வரை நிறுத்துங்கள். ஒரு மாரியைத் தாங்கினால்தான் வேலை முடிந்தது. இது கூலிக்காரர் வயிற்றில் அடிப்பதாகிவிடாமல் முதலிலேயே ஒப்பந்தத்தில் சொல்லிவிடுங்கள்.

மதிப்பீட்டில் விடுபடுபவை: சல்லி, கல் ஏற்றுகூலி, அடித்தளம் போடும்போது நீர் இறைக்கும் பம்பின் வாடகை, கை கழுவும் இடம், ஒரு வருடச் சவர்க்காரம், எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம். வீட்டார் பங்களிப்பாக மண் வேலை கேட்கலாம், ஆனால் பெண் தலைமைக் குடும்பங்களிடமும் முதியோரிடமும் கேட்காதீர்கள். அவர்களுக்குக் கூலி போடுங்கள்.

பெயர்ப் பலகை ஊர் முகப்பில் ஒன்று போதும். ஒருவர் ஒதுங்கும் கதவில் "இன்னார் தந்தது" என்று எழுதி வைப்பது அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூச வைக்கும். இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆழிக்கரை (வாகரை)

மிக்க நன்றி. இப்படிக் கட்டினால் அவர்கள் சொன்ன தொகைக்கு 40 வராது போலிருக்கிறதே?

நிதியேடு (மட்டக்களப்பு)

வராது. தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீட்டோடு எத்தனை வருமோ அத்தனையை எழுதுங்கள். முதல் பட்டியலும் காத்திருப்புப் பட்டியலும் கிராம சேவையாளர் முன்னிலையில் பொதுக் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். எண்ணிக்கையைக் காப்பாற்றத் தாங்கியைச் சிறிதாக்கினால் ஊரே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும்.

மேட்டுநிலம் (படுவான்கரை)

வேறு ஊர்க்காரர் இதைப் படித்தால்: வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கம் மேட்டுக் காணிகளில் மாரியிலும் நீர் ஆழத்தில் இருந்தால் இவ்வளவு செலவு வேண்டாம். 3 அடி விட்டத்தில் இரட்டைக் குழி, நடுவில், கழிவை ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டும் அனுப்பும் திசை மாற்றும் பெட்டி. ஒரு மீற்றர் பயன் ஆழமுள்ள குழி ஐந்து பேருக்கு மூன்று வருடம் வரும். நிறைந்ததை மூடி மற்றதைத் திறந்து, மூடியதை இரண்டு வருடமாவது ஆறவிட்டு அள்ள வேண்டும். பெட்டியில் ஒரு வாயை அடைக்காமல் விட்டால் இரண்டும் ஒன்றாக நிறையும், அதுதான் அடிக்கடி நடப்பது. வயலோரக் களிமண்ணில் நீர் ஊறாது. ஒரு அடிக் குழி தோண்டி இரவு முழுக்க நனைத்து, காலையில் திரும்ப நிரப்பி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அம்பாறையில் திருக்கோவில், பொத்துவில் கரையோர மணலுக்கு மணல்மேடு சொன்ன தாங்கியே பொருந்தும்.

ஆழிக்கரை அக்கா, தாங்கியை ஒழுங்கைப் பக்கமாக வையுங்கள். தாங்கியை இறைக்க வரும் பிரதேச சபைப் பவுசரின் குழாய் எத்தனை அடி நீளம் என்று கேட்டுவிட்டு இடத்தைக் குறியுங்கள். இறைத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.