பாக்குமட்டைத் தட்டில் பூஞ்சை, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆத்தூர் பக்கம் பேப்பர் கப் யூனிட் வைத்திருந்தேன். 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு போட்ட பேப்பர் கப்பும் பட்டியலில் மாட்டிக்கொண்டது. மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பாக்குமட்டைத் தட்டுக்கு மாறினேன். மட்டைக்கு இங்கே பஞ்சமில்லை.

ஐப்பசி பிறந்தால்தான் தலைவலி. ஊறவைத்துக் கழுவி, சூடாக அழுத்தி எடுத்த தட்டு, கட்டிவைத்த நாலாம் நாளே ஓரத்தில் கறுப்புப் புள்ளி வைக்கிறது. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போன 2,000 தட்டும் அப்படியே திரும்பி வந்துவிட்டன. கந்தகப் புகை போடச் சொல்கிறார்கள். சாப்பிடுகிற தட்டில் அது வேண்டாம்.

சோலார் டிரையர் மழை மாதத்தில் வேலைக்கு ஆகுமா? கோடையிலேயே மட்டையைக் காயவைத்து இருப்பு வைப்பவர்கள் எப்படி அடுக்குகிறீர்கள்? இன்னொரு முறை தொழில் மாற்றத் தெம்பில்லை, இதிலேயே நிற்கப் பார்க்கிறேன்.