யாருமே வராத பதிவை எழுதிக்கொண்டே இருக்கலாமா?

செக்கிங் டேபிள் (திருப்பூர்):

எல்லாருக்கும் வணக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ராத்திரி வீட்டுக்கு வந்து சோறாக்கி, பிள்ளை தூங்கினதும் போனிலேயே தட்டி பிளாக்ஸ்பாட் வலைப்பதிவில் போடுவேன். எழுதுவதெல்லாம் எங்கள் வேலையைப் பற்றித்தான். கைமடிக்கிற பெண்கள், ஒன்றரை ஷிப்ட் கணக்கு, ஷிப்மென்ட் நாளில் அயர்ன் மாஸ்டருக்கு வருகிற கோபம், 2011இல் கோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் தெருவே காலியானது, இப்படி.

பார்வை எண்ணிக்கை இருபதைத் தாண்டினால் பெரிய விஷயம். அதிலும் பாதி நானே திறந்து பார்த்ததாக இருக்கும்.

ஊசி உடைகிறதைப் பற்றி ஒன்று எழுதியிருந்தேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் ஊசி உடைந்தால், துண்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டில் இருக்கிற பீஸ் அத்தனையும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். எங்கள் டெயிலர் அக்கா காந்தத்தை வைத்துக்கொண்டு தரையில் முட்டி போட்டுத் தேடினதை அப்படியே எழுதினேன்.

போன வாரம் அது எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. மேலே ‘படித்ததில் பிடித்தது’. என் பேர் எங்கேயும் இல்லை. என் சித்தியே எனக்கு அனுப்பி, “உங்க கம்பெனிக் கதை மாதிரியே இருக்கு, படி” என்கிறார்! எத்தனை பேர் படித்தார்களோ, என் பக்கத்துக்கு மட்டும் ஒருத்தர்கூட வரவில்லை. இதற்குமேல் எழுதுவதில் அர்த்தம் இருக்கிறதா, சொல்லுங்கள்.

தொடர்கதைப் பிரியை (மதுரை):

அக்கா, கட்டுரையைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அதையே தொடர்கதையாக மாற்றி பிரதிலிபி கதை ஆப்பில் போடுங்கள். வாசிக்கிறவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். தினம் ஒரு எபி, கடைசி வரியில் ஒரு கொக்கி. ஒரு நாள் தவறினால் “யூடி எப்போ சிஸ்?”, அதாவது அடுத்த பகுதி எப்போது என்று வரிசையாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே நான் காய்ச்சலோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். உங்கள் டெயிலர் அக்காவுக்கு ஒரு கதை, சூப்பர்வைசர் வில்லன். ஓடும்.

லைன்மேன் (கோவில்பட்டி):

தங்கச்சி, உங்கள் பக்கத்தைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தேடிப் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்த வாட்ஸ்அப் சங்கதி. முன்பின் தெரியாத ஒருத்தர் உங்கள் பதிவை முழுசாகப் படித்து, காப்பி எடுத்து, நாலு பேர் படிக்கட்டும் என்று அனுப்பியிருக்கிறார். அது கை மாறிக் கை மாறி உங்கள் சித்தி வரைக்கும் வந்துவிட்டது. இதைவிட என்ன சர்டிபிகேட் வேண்டும்? வாசகர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் வந்து சேரத்தான் அவர்களுக்கு வழி தெரியவில்லை.

வெட்டி ஒட்டுகிறவர்கள் தலையையும் வாலையும்தான் வெட்டுவார்கள், நடுவில் கைவைக்கச் சோம்பல். அதனால் பேரைக் கடைசியில் போடுவதோடு நிறுத்தாதீர்கள். பதிவுக்குள்ளே யாராவது உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். ஊசிப் பதிவில் டெயிலர் அக்கா “ஏ புள்ள, டார்ச் அடி” என்கிறார் இல்லையா? ‘புள்ள’ இருக்கிற இடத்தில் பேர் இருந்திருந்தால் சித்திக்கு அன்றைக்கே புரிந்திருக்கும். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்ததைப் பற்றிய என் டிரங்க் கால் பதிவுகளில் எங்கள் மேலதிகாரி எஸ்.ஐ. என்னை “ஏலே லைன்மேன்” என்று வையாத பக்கமே கிடையாது. மனுஷன் நிஜத்தில் அவ்வளவு வைதவர் இல்லை, பாவம்.

அடுத்தது, நான் தேட வேண்டிவந்த கதை. பிளாக்ஸ்பாட்டில் தமிழில் தலைப்பு வைத்தால், முகவரியில் அந்தத் தமிழ் எழுத்து வராது. ‘பிளாக்-போஸ்ட்’ என்று போட்டு ஓர் எண்ணைச் சேர்த்துவிடும். உங்களுடையது எல்லாமே அப்படித்தான் நிற்கிறது. வெளியிடுமுன் அமைப்புகளில் ‘பெர்மாலிங்க்’ என்று இருப்பதைத் திறந்து, திருப்பூர், ஊசி, பனியன் என்று ஆங்கில எழுத்தில் நீங்களே அடித்துவிடுங்கள். தலைப்பையும் கொஞ்சம் பாருங்கள். அந்த அருமையான பதிவுக்கு ‘தேடல்’ என்று பேர் வைத்தால் எப்படி? தமிழில் கவிதை எழுதிய முக்கால்வாசிப் பேர் ‘தேடல்’ என்று ஒன்று எழுதியிருப்பார்கள். ‘பனியன் கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன நடக்கும்?’ என்று வையுங்கள். கவித்துவம் போச்சே என்று கவலை வேண்டாம், அது உள்ளே இருக்கிறது.

கூகிள் சர்ச் கன்சோலில் உங்கள் பக்கத்தை இணைத்தால், என்ன வார்த்தை போட்டுத் தேடி வந்தார்கள் என்று காட்டும். என் பக்கத்துக்கு ‘பி.பி. கால் என்றால் என்ன’ என்று தேடி வந்தார்கள். சரி, கேட்கிறார்களே என்று அதையே தலைப்பாக வைத்து, குறிப்பிட்ட ஆள் லைனில் வந்தால்தான் காசு என்கிற அந்தக் கணக்கை விளக்கி எழுதினேன். இன்றைக்கும் அதிகம் படிக்கப்படுவது அதுதான். இலக்கியம் என்று நினைத்து மாய்ந்து மாய்ந்து எழுதியதெல்லாம் அதற்குக் கீழேதான் கிடக்கிறது. ‘கைமடி’ என்றால் என்ன என்று உங்கள் ஊருக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? அதை எழுதுங்கள்.

பார்வை எண்ணிக்கையை அதிகம் நம்ப வேண்டாம். பிளாக்ஸ்பாட் கணக்கில் தானாகச் சுற்றும் ரோபோக்களும் சேர்ந்துவிடும். நீங்களே திறப்பதைக் கணக்கில் சேர்க்காமலிருக்க ஒரு வசதி உண்டு, அதைப் போட்டுவிடுங்கள்.

2004இல் தமிழ்மணம் என்கிற வலைப்பதிவுத் திரட்டி வந்த காலத்தில், யார் புதுப் பதிவு போட்டாலும் அதன் முகப்பில் தெரியும். பெரிய எழுத்தாளரும் நேற்று வந்தவரும் ஒரே வரிசை. அப்போதுகூட நாங்கள் ஆள் பிடித்தது பின்னூட்டத்தில்தான். ‘அருமை’, ‘சூப்பர்’ எல்லாம் கணக்கில் வராது. ஒருத்தர் தன் ஊர்த் தேரைப் பற்றி எழுதினால், எங்கள் ஊரில் தேர் எந்த முக்கில் திரும்பத் திணறும் என்று நாலு வரி போடுவோம். யார் இந்த ஆள் என்று அவர் நம் பக்கம் வருவார், அவரோடு இன்னும் ரெண்டு பேர் வருவார்கள். ஃபேஸ்புக் வந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது, ஆனால் இந்த வழி அங்கேயும் செல்லும். தறி, சாயம், பின்னலாடை என்று எழுதுகிறவர்களை அங்கே தேடிப் போய்ப் பேசுங்கள். உங்கள் பதிவின் முதல் ரெண்டு பத்தியை அங்கே போட்டு, சுட்டியை முதல் கமெண்டில் கொடுங்கள். முழுப் பதிவையும் அங்கேயே எழுதினால் ஆறு மாசம் கழித்து உங்களாலேயே அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஃபேஸ்புக் திண்ணை மாதிரி, பேசலாம், குடியிருக்க முடியாது.

இருபது பேர் என்று அலுத்துக்கொள்கிறீர்கள். வத்தலக்குண்டுக்காரர் சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையை ஆரம்பித்தபோது அதை வாங்கிப் படித்தவர்கள் சில நூறு பேர்தான். அவர் வெளியிட்ட புத்தகங்களை அவரே கட்டிச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பிச்சமூர்த்தியும் பசுவய்யாவும் தருமு சிவராமுவும் அதில்தான் கவிதை எழுதினார்கள். தமிழில் புதுக்கவிதை கால் ஊன்றியதே அங்கேதான். உங்கள் இருபது பேர் யார் யாரென்று விசாரித்துப் பாருங்கள்.

மதுரைத் தங்கச்சி சொன்ன வழி அவருக்குச் சரி. உங்களுக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். காணாமல் போன ஊசித் துண்டே போதும், வில்லன் எதற்கு?

பழைய கட்டிங் மாஸ்டர் (ஷார்ஜா):

நான் எழுதுகிறவன் இல்லை, வாசிக்கிற ஆள். திருப்பூரில் கட்டிங்கில் இருந்துவிட்டு இங்கே வந்தேன். உங்கள் தீபாவளி போனஸ் பதிவை ரூமில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கவரைப் பிரிக்காமலே விரலால் அமுக்கிப் பார்த்து எவ்வளவு இருக்கும் என்று சொல்வார்களே, அந்த இடத்தில் எங்களோடு இருந்த பீகார் பையனுக்குக்கூட மொழிபெயர்த்துச் சொன்னோம், சிரித்தான். பின்னூட்டம் போடலாம் என்றால் உங்கள் பக்கம் கணக்கு, பாஸ்வேர்டு என்று கேட்கிறது. பேர் இல்லாதவர்களும் கருத்துப் போடுகிற மாதிரி வைத்தீர்கள் என்றால் என்னைப் போல நிறையப் பேர் எழுதுவார்கள். அந்த இருபதில் நான் உண்டு.

செக்கிங் டேபிள் (திருப்பூர்):

மாஸ்டர், அந்தக் கவர் விஷயத்தை யாரும் கவனிக்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். ரொம்ப நன்றி. கருத்துப் பெட்டியை இப்போதே திறந்துவிட்டேன்.

அண்ணாச்சி, பெர்மாலிங்க் எல்லாம் செய்துவிடுவேன். பேர்தான் பிரச்சினை. பதிவுக்குள் என் சொந்தப் பேர் வந்தால் கம்பெனியில் தெரிந்துவிடும். தப்பாக ஒன்றும் எழுதவில்லை, ஆனாலும் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டால் என்ன சொல்வேன்?

லைன்மேன் (கோவில்பட்டி):

சொந்தப் பேர் எதற்கு? ஒரே பேர் எப்போதும் இருந்தால் போதும். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார் என்றுதான் இன்னொரு ரங்கராஜன் மனைவி பேரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். நானும் இங்கே லைன்மேன்தானே? பேரப்பிள்ளைகள்கூட ‘லைன்மேன் தாத்தா’ என்கிறார்கள். ‘செக்கிங் டேபிள்’ பக்கத்துக்கு நல்ல பேர், கூப்பிடத்தான் தோதுப்படாது. டெயிலர் அக்கா வாயில் சுளுவாக வருகிற மாதிரி ஒரு பேர் வையுங்கள், எல்லாப் பதிவிலும் அவரே கூப்பிடட்டும். கம்பெனி பேர், பையர் பேர், லேபிள் படம் மட்டும் எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள்.

பதிவுகள் பத்துப் பதினைந்து தேறினதும் மின்னூலாக்குங்கள். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் இலவசமாக வெளியிட்டுத் தருகிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், யார் வேண்டுமானாலும் பகிரலாம். ஆனால் எழுதியவர் பேரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் சித்தி குரூப்புக்கு அந்தச் சுட்டியையே அனுப்பிவிடலாம்.

செக்கிங் டேபிள் (திருப்பூர்):

‘மல்லி’ என்று வைத்துக்கொள்ளட்டுமா? எங்கள் டெயிலர் அக்கா நிஜமாகவே என்னை அப்படித்தான் கூப்பிடுவார், வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். இன்னொரு சந்தேகம் அண்ணாச்சி, ஏற்கெனவே வெளியிட்ட பதிவின் முகவரியை இப்போது மாற்ற முடியுமா? மாஸ்டர் ரூமில் எல்லாரும் பழைய சுட்டியைத்தானே வைத்திருப்பார்கள்?

லைன்மேன் (கோவில்பட்டி):

மல்லி நல்லாவே இருக்கு. பதிவை மறுபடி வரைவுக்குக் கொண்டுபோனால் பெர்மாலிங்கைத் திருத்த விடும், திருத்தி மறுபடி வெளியிடுங்கள். அப்புறம் அமைப்புகளில் ‘பிழைகள் மற்றும் திசைதிருப்பல்கள்’ பகுதிக்குப் போய், பழைய முகவரியையும் புதியதையும் ஜோடியாகப் போட்டுவிட்டால் பழைய சுட்டியும் வேலை செய்யும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஊசிக்கும் போனஸுக்கும் மட்டும் செய்யுங்கள்.