ஆனைமலை அடிவாரத் தோப்பில் வீடு: நிலத்தோடு ஒட்டி அமைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். பொள்ளாச்சிக்குத் தெற்கே உள்ள எங்கள் தென்னந்தோப்பில் பெற்றோருக்காக ஒரு வீடு கட்டவிருக்கிறோம். நிலம் தெற்கிலிருந்து வடக்காகச் சரிந்து வாய்க்காலில் முடிகிறது. தெற்கே மலைத்தொடர் நன்றாகத் தெரியும். நிலத்தை மட்டப்படுத்தி, மலையைப் பார்த்த சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கலாம் என்கிறார் பொறியாளர். தோப்பின் ஒரு பகுதியாகவே வீடு இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
தயவுசெய்து நிலத்தை மட்டப்படுத்த வேண்டாம். சரிவை வெட்டினால் மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் உங்கள் பின்சுவரில்தான் வந்து தேங்கும். கூடத்தையும் சமையலறையையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டு, வடக்கே வாய்க்கால் பக்கத் திண்ணையை மட்டும் இரண்டு படி தாழ்த்தினால் வீடு சரிவோடு இயல்பாக இறங்கும். வயதானவர்கள் அன்றாடம் படியேறவும் வேண்டியிருக்காது.

மறுமொழி 2:
மலையைப் பார்ப்பது சரியே, ஆனால் கண்ணாடிக்குப் பதிலாக ஆழமான திண்ணை வையுங்கள். நம் பகுதியில் ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்ட் பிற்பாதி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்பதால், கோடையின் கடுமையான நாட்களில் தெற்குத் திண்ணை நிழலாகவே இருக்கும். டிசம்பரில் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும். அப்போது அந்த இளஞ்சூடு பெரியவர்களுக்கு இதமானது. உண்மையில் அஞ்ச வேண்டியது மேற்குச் சுவரைத்தான். மாலை வெயில் ஒருபுறமிருக்க, ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று சாரலையும் அள்ளிக்கொண்டு வரும். அந்தப் பக்கம் சாமான் அறை, குளியலறை, சிறிய சன்னல்கள், மூன்றடி நீட்டிய இறவாரம் ஆகியவையே போதும்.

மறுமொழி 3:
இடத்தேர்வும் முக்கியம். தென்னைகளை ஏறத்தாழ 25 அடி இடைவெளியில் நடுவது வழக்கமாதலால், வரிசைக்குள் வீட்டை நுழைத்தால் மரங்களை வெட்ட நேரும், இல்லையேல் காயும் மட்டையும் ஓட்டின் மேல் விழும். தோப்பில் காய் போடும் களம் இருந்தால் அதன் ஓரத்தில் கட்டுங்கள். சன்னலின் அடிமட்டத்தை ஒன்றரை அடியில் வைத்தால், கட்டிலில் உட்கார்ந்தவருக்கும் தென்னந்தண்டுகளுக்கு இடையே மலை தெரியும். வழக்கமான மூன்றடி உயரத்தில் மலை தெரிந்தாலும், அருகிலுள்ள தோப்பின் தரை மறைந்துவிடும். தாழ்ந்த சன்னலுக்குக் கம்பி கட்டாயம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தோப்பின் தென்கிழக்கில் பழைய களம் ஒன்று இருக்கிறது. அதை அளந்து, கண்ணாடிச் சுவரை நீக்கிப் புதிய வரைபடம் கேட்கிறேன்.