ஒரே சாவிதான், ஆனால் நண்பன் லேப்டாப்பில் படம் திறக்க மாட்டேங்குது

சோலைப்பூ:
கோத்தகிரி பக்கத்துச் சோலையில் எடுத்த ஆர்க்கிட் படங்கள் என் புராஜெக்டுக்கு வேண்டும். இடம் வெளியே தெரிந்தால் செடியை வேரோடு பெயர்த்துவிடுவார்கள். அதனால் லாஜிஸ்டிக் மேப் (ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைத் தாறுமாறாக உண்டாக்கும் சின்னச் சூத்திரம்) வைத்துப் பூட்டி அனுப்புகிறேன். சாவி இரண்டு எண்கள்: சூத்திரத்தின் மாறிலி ஆர் 3.99, தொடக்க எண் 0.3141. ஒவ்வொரு சுற்றிலும் வரும் எண்ணை 256-ஆல் பெருக்கி, முழு எண்ணை மட்டும் எடுத்து, பிக்சலோடு எக்ஸ்-ஆர் (பிட் பிட்டாகக் கலப்பது, அதே எண்ணோடு மறுபடி செய்தால் பழையது திரும்பும்). என்னிடம் அச்சு அசலாகத் திறக்கிறது. குன்னூரில் நண்பன் எழுதிய நிரலில் முதல் ஐம்பது பிக்சல்வரை சரி, அப்புறம் வெறும் புள்ளிகள். அனுப்பியது பி.என்.ஜி.தான், ஜேபெக் இல்லை, அதனால் வழியில் பிக்சல் மாறியிருக்காது.

கேத்திக்காரன்:
நண்பர் சூத்திரத்தை எப்படி எழுதியிருக்கிறார் தம்பி?

சோலைப்பூ:
எக்ஸ் என்பது இப்போதைய எண். அடுத்த எண்ணுக்கு நான் ஆர் × எக்ஸ் × (1 − எக்ஸ்). அவன் ஆர் × (எக்ஸ் − எக்ஸ் × எக்ஸ்). இரண்டும் ஒன்றுதானே அண்ணா?

கேத்திக்காரன்:
தாளில் ஒன்று. கணினியில் டபுள் (64 பிட் தசம எண்) வகையில் இலக்கங்களுக்கு 53 பிட்தான் இடம், கணக்கின் வரிசை மாறினால் கடைசி பிட் வேறாக ரவுண்டாகும். கேயாஸில் (சின்ன வித்தியாசமும் வேகமாகப் பெரிதாகும் இந்த மாதிரிக் கணக்கில்) அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கும். ஐம்பது சுற்றில் 53 பிட்டையும் தின்றுவிடும். உனக்கு ஐம்பதாவது பிக்சலில் உடைந்தது அதனால்தான். 1961-ல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லொரென்ஸ் கணினி வானிலைக் கணக்கில் 0.506127-க்குப் பதில் 0.506 என்று கொடுத்தபோது நடந்ததும் இதுவே. இருவரும் ஒரே வரிசையில் எழுதுங்கள். முழு எண் கணக்காகவே மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

மூடுபனி:
எல்லாப் படத்துக்கும் அதே 0.3141-தானா? அப்படியானால் திறப்பதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது. முழுக் கறுப்புப் படம் ஒன்றை உங்கள் நிரலில் பூட்டிப் பாருங்கள். கறுப்பு என்றால் பூஜ்யம், பூஜ்யத்தோடு எக்ஸ்-ஆர் செய்தால் சாவி ஓடையே (சாவியிலிருந்து பிறக்கும் எண் வரிசை) அப்படியே வெளியே வந்து நிற்கும். அதைப் பூட்டிய ஆர்க்கிட் படத்தோடு எக்ஸ்-ஆர் செய்யுங்கள். கேயாஸ் பூட்டுகள் பல இப்படித்தான் உடைந்திருக்கின்றன. செடியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஏ.இ.எஸ். என்ற பூட்டு முறையைப் போடுங்கள். 2001 முதல் தரநிலையாக இருக்கிறது, எத்தனையோ பேர் உடைக்கப் பார்த்தும் நிற்கிறது. அதை ஜி.சி.எம். முறையில் (யாராவது கோப்பை மாற்றினாலும் காட்டிக்கொடுக்கும்) வையுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் புது நான்ஸ் (ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் எண்) கட்டாயம். லாஜிஸ்டிக் மேப் ஆய்வறிக்கையில் இருக்கட்டும்.

சோலைப்பூ:
வரிசையை மாற்றினோம், நண்பனிடம் திறந்துவிட்டது. கறுப்புப் படத்தையும் செய்து பார்த்தேன் அக்கா. சாவியே இல்லாமல் பூ இதழ் இதழாகத் தெரிந்தது. ஏற்கெனவே அனுப்பிய பதினோரு படங்களையும் நண்பனை அழிக்கச் சொல்லிவிட்டேன். இன்று இரவே ஏ.இ.எஸ்.ஸில் பூட்டி மறுபடி அனுப்புகிறேன்.